சிவப்புக் கட்டும் 15 சீட்டுகளும்

ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இயற்ற, விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தார் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற சீட்டாட்டத்தில், எதிராளி தம் ஏற்பாடுகளை முடித்துக்கொள்ளுமுன் அவருடைய 20 ஆயுளையும் தீர்த்துவிட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு அமைக்கப்படும் கட்டுகள் உண்டு. ஆட்டக்காரர்கள் அவற்றை அக்ரோ என்று வழங்குவர். அவற்றுள்ளும் நேரடியாகச் சேதம் விளைவிக்கும் சிவப்பு நிற மந்திரச் சீட்டுகளையே பெரிதும் நம்பியிருப்பதற்கு பர்ன் என்று பெயர். இக்கட்டுகள் முதல் ஆட்டத்தில் எளிதாக வென்று, பின்வரும் இரண்டு ஆட்டங்களில் தோற்றுப் பந்தயத்தையே பறிகொடுப்பது போட்டிகளில் அடிக்கடி நிகழ்வது. முதல் ஆட்டத்தில் எதிராளி இன்னதென்று அறியாமல் அமர்ந்திருக்கிறார்; இரண்டாவதில், தம்மிடம் தனியே ஒதுக்கி வைத்திருந்த சீட்டுகளில் சிவப்பை அடக்குவதற்கென்றே அமைந்தவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அமர்கிறார். அந்நிலையில் தாக்குகிறவர் தம் பங்குக்கு என்ன செய்யவேண்டும், எவ்வளவு செய்யவேண்டும், எவ்வளவுக்கு மேல் செய்யலாகாது என்ற விஷயத்தில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அபிப்பிராய பேதம் இருந்து வருகிறது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதன்மைக் கட்டு 60 சீட்டுகளுக்குக் குறையலாகாது. அதற்குப் புறம்பாகச் சைடுபோர்டு என்ற பெயரில் 15 சீட்டுகள்வரை வைத்துக்கொள்ளலாம். மந்திரங்களுக்குச் செலவிடும் மானா என்னும் சக்தியைத் தரும் அடிப்படை நிலங்கள் நீங்கலாக எந்தச் சீட்டும் இரண்டிலுமாகச் சேர்ந்து 4 பிரதிகளுக்கு மேற்படலாகாது. முதல் ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பினரும் இவ்விரண்டு தொகுதிகளுக்கிடையே சீட்டுகளை மாற்றிக்கொள்ளலாம். 2013 வரையில் ஒன்றை எடுத்தால் ஒன்றை வைத்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. இப்போது கட்டு 60க்குக் குறையாமலும் சைடுபோர்டு 15க்கு மிகாமலும் இருந்தால் போதும். மூன்றில் இரண்டு ஆட்டங்களை வென்றவருக்கே பந்தயம் என்பதால், பந்தயம் இரண்டே ஆட்டத்தில் முடிந்தால் ஒன்றும், மூன்றுக்கு நீண்டால் இரண்டும் சைடுபோர்டுக்குப் பிற்பட்ட ஆட்டங்களாகின்றன; பாதிக்குக் குறைவாக அவை எப்போதும் இருப்பதில்லை. அப்படியிருந்தும், முதன்மைக் கட்டை மாதக்கணக்கில் செப்பனிடுகிறவர்கள் இந்த 15 சீட்டுகளைப் போட்டிக்கு முந்திய இரவில் அவசரமாக அடுக்குவது வியப்பே. மேஜிக் அரீனா என்ற கணினி வடிவத்தில் ஒரே ஆட்டத்தில் முடியும் பந்தயங்களையே பலரும் ஆடிப் பழகிவிட்டமையால், சைடுபோர்டின் நினைவே இல்லாத ஆட்டக்காரர்களும் இன்று உண்டு.

சைடுபோர்டைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம், அது மாற்று மருந்துகளின் பெட்டி என்பது: எதிராளியின் கட்டில் எது வலிமையோ அதை அழிக்கும் சீட்டைக் கொண்டுவந்து நுழைப்பதே யுக்தி என்று கருதுவர். நிதானமாக ஆடி, ஆட்டத்தை நீட்டித்து வெல்லும் கண்ட்ரோல் கட்டுகளுக்கு அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தும். அக்ரோவுக்கு அது பொருந்தாது என்பதும், பொருந்தாமைக்குக் காரணம் கட்டின் எண்கணிதத்திலேயே இருக்கிறது என்பதும் எமது துணிபு.

லைட்னிங் போல்ட் என்ற புகழ்பெற்ற சீட்டு ஒரு மானாவுக்கு 3 சேதம் விளைவிக்கிறது. பர்ன் கட்டில் உள்ள மந்திரங்களிற் பெரும்பாலானவை இதே அளவினவாக இருப்பதால், 20 ஆயுளைத் தீர்க்க 7 சீட்டுகள் வேண்டும் என்று கணக்கிடலாம். முதற்கையில் 7 சீட்டுகள். அவற்றில் இரண்டு மூன்று நிலங்கள். பின்னர் முறைக்கு ஒரு சீட்டு வருகிறது. நான்காம் அல்லது ஐந்தாம் முறைக்குள் அந்த 7 சீட்டுகளும் கைக்கு வந்து, செலவாகியும் விடவேண்டும். இவ்வளவு இறுக்கமான கணக்கில், எதிராளியின் ஒரு பொருளைச் சேதம் ஏதும் தராமல் வெறுமனே அழிக்கும் சீட்டு ஒன்று நம் கைக்கு வந்தால், அது எவ்வளவு திறமையாக அழித்தாலும் 3 சேதம் நம் கணக்கிலிருந்து கழிந்ததாகவே பொருள். இரண்டு வந்தால் 6. வெற்றி ஒரு முறைக்கு அப்பால் தள்ளிப்போய்விடுகிறது. அந்த ஒரு முறையையே எதிராளி வேண்டியிருந்தார். ஆகவே இக்கட்டுக்குள் புதிதாக வரும் ஒவ்வொரு சீட்டையும் பார்த்து ‘நீ எதை அழிப்பாய்?’ என்று கேட்பதற்கு முன்னால், ‘இருபதில் உன் பங்கு எத்தனை?’ என்று கேட்பதே முறை.

இக்கேள்விக்கு விடையாகவே அமைந்த சீட்டுகள் காலக்கிரமத்தில் அச்சாகியிருக்கின்றன. 2008இல் ஷேடோமூர் தொகுதியில் வெளியான ஸ்மாஷ் டு ஸ்மிதெரீன்ஸ், கருவிச் சீட்டொன்றை அழிப்பதோடு அதை ஆள்பவருக்கு 3 சேதமும் தருகிறது. அதாவது ஒரு லைட்னிங் போல்ட்டின் வேலையைக் குறைவின்றிச் செய்துகொண்டே அழிக்கும் வேலையையும் செய்கிறது. 2013இல் தீரோஸ் தொகுதியில் வந்த டிஸ்ட்ரக்டிவ் ரெவல்ரி, கருவியையோ நிலைமந்திரத்தையோ அழித்து 2 சேதம் தருகிறது. இவை செலவில் சற்று அதிகமாயினும், இவற்றைச் சேர்த்ததால் முன்னேற்றம் தடைப்படுவதில்லை. இவற்றைவிட மலிவாக அழிக்கும் சீட்டுகள் இருந்தும் தேர்ந்த பர்ன் ஆட்டக்காரர்கள் இவற்றையே நாடுவதன் ரகசியம் இதுதான்.

இந்த ஞானம் ஆதியிலேயே வாய்த்ததன்று. 1993இன் முதற்பதிப்பிலேயே சர்க்கிள் ஆஃப் புரொடெக்ஷன்: ரெட் என்ற வெள்ளைச் சீட்டு இருந்தது. இரண்டு மானாவுக்கு அதைக் களத்தில் இறக்கிவிட்டால், பின்னர் ஒவ்வொரு மானா செலுத்தும்தோறும் சிவப்பு மூலம் ஒன்றிலிருந்து வரும் சேதத்தைத் தடுத்துக்கொள்ளலாம். சிவப்பு நிறத்துக்கோ, களத்தில் நிலைத்துவிட்ட அத்தகைய மந்திரத்தை மட்டும் குறிவைத்து நீக்கும் சக்தி இல்லை. சிவப்பை மட்டுமே கொண்ட கட்டை ஓட்டுகிறவர் இதற்கு என்ன செய்வார்? அக்காலத்தவர் மேற்கொண்ட வழிகள் ஆராயத்தக்கவை. ஐஸ் ஏஜ் தொகுதியின் அனார்கி என்ற சீட்டு வெள்ளை நிறப் பொருள்கள் அனைத்தையும் ஒருங்கே அழிக்கும். ஃப்ளாஷ்ஃபயர்ஸ், சமவெளி நிலங்கள் எல்லாவற்றையும் எரித்துவிடும். இரண்டும் 4 மானா வேண்டுபவை. இரண்டும் எதிராளியின் ஆயுளில் ஒரு புள்ளியைக்கூடக் குறைப்பதில்லை. 4 நிலங்கள் சேரும்வரை காத்திருந்து, அம்முறை முழுவதையும் அதற்கே செலவழித்துத் தடையை நீக்கிய பின்பு, கையில் தாக்குவதற்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பது கேள்வி.

1997இல் டெம்பெஸ்ட் தொகுதியோடு கர்ஸ்டு ஸ்க்ரோல் வந்தது. நிறமற்ற கருவியாகிய அது, கையில் சீட்டுகள் குறையக் குறையத் தவறாமல் 2 சேதம் தரும். சிவப்பு மூலமன்று என்பதால் மேற்படி வெள்ளைச் சீட்டு அதைத் தொடமுடியாது. தடையை உடைக்க முயலாமல், அது இருப்பதை அறியாததுபோல அதன் பக்கவாட்டில் நடந்து செல்லும் உபாயம் இது. அனார்கியைவிட மேலானதென்றே சொல்லவேண்டும். 1998இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த புரோ டூர் என்ற உயர்நிலைப் போட்டியை டேவிட் பிரைஸ் என்பவர் சிவப்பு மட்டுமே கொண்ட கட்டோடு வென்றபோது அக்கட்டில் இக்கருவி இடம்பெற்றிருந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, ஜே ஷ்னைடர் அமைத்து பால் ஸ்லை அட்லாண்டாவில் ஆடிய கட்டு, அயர்ன்க்ளா ஆர்க்ஸ் போன்று பிறர் ஏளனம் செய்த அற்ப ஜந்துகளைக்கூட வரிசைப்படுத்தி, ஒவ்வொரு முறையிலும் இருக்கும் மானா முழுவதையும் செலவழிக்கும் நெறியைக் காட்டியிருந்தது. மானா வளைவு என்று பின்னர் பெயர் பெற்ற அந்நெறி நம் விஷயத்துக்கும் ஆதாரமானது. ஏனெனில் சைடுபோர்டிலிருந்து 4 மானாச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு வருகிறவர் முதலில் குலைப்பது அந்த வளைவையே.

சிவப்புக்கு எதிரான சீட்டுகளிலெல்லாம் நுணுக்கமாகப் பார்க்கத்தக்கது 2010இல் வேர்ல்ட்வேக் தொகுதியில் வந்த கோர் ஃபயர்வாக்கர். இரண்டு வெள்ளை மானாவுக்கு 2/2 அளவுள்ள ஜந்து, சிவப்பிலிருந்து பாதுகாப்பு, யார் சிவப்பு மந்திரம் பிரயோகித்தாலும் அதை ஆள்பவர் விரும்பினால் 1 ஆயுள் பெறுவார். இது ஒன்று களத்தில் நின்றால் 3 சேதச் சீட்டு ஒவ்வொன்றும் 2 சேதச் சீட்டாகிவிடுகிறது. 7 சீட்டுகள் போதுமானவையாக இருந்தது போய் 10 வேண்டியதாகிறது. சிவப்பு மந்திரம் எதுவும் இதைக் குறிவைக்க முடியாது. சிவப்பு ஜந்துகள் மோதினால் இதற்குச் சேதமில்லை. சேதத்தைத் தடுக்கவொட்டாமல் செய்யும் ஸ்கல்க்ராக் என்ற சிவப்புச் சீட்டுகூட இதை நேரடியாகக் குறிவைக்க இயலாது. மாடர்ன் பிரிவில் ஆடப்படும் பர்ன் கட்டுகள் சிவப்போடு வெள்ளையைக் கலந்துகொண்டதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, சைடுபோர்டில் பாத் டு எக்ஸைல் வைத்துக்கொள்ளும் வசதி. ஒரே வெள்ளை மானாவுக்கு எந்த ஜந்தையும் அது ஆட்டத்தை விட்டே அகற்றும். பதிலுக்கு எதிராளி தம் கட்டிலிருந்து ஓர் அடிப்படை நிலத்தை எடுத்துக்கொள்வார். சேதம் தராத சீட்டு என்ற குற்றம் இதற்கும் உண்டே எனலாம். உண்டு, ஆனால் அகற்றப்படும் பொருள் இனி வரும் ஒவ்வொரு மந்திரத்திலும் ஒரு புள்ளியைத் தின்றுகொண்டிருப்பது, நான்கு மந்திரங்கள் மீந்திருக்கும்போது அதை அகற்றினால் 4 ஆயுள் மீள்கிறது, ஒரு போல்ட்டின் பங்குக்கு அது குறைவில்லை. ஆகவே ஆரம்பத்தில் அகற்றுவதே நலம்; கையில் ஒரே ஒரு மந்திரம் மீந்திருக்கும் தறுவாயில் அகற்றுவது வீண்.

ஸ்கல்க்ராக் தன் இடத்தில் அருமையான சீட்டு. 2 மானாவுக்கு 3 சேதம். அம்முறை முழுவதும் யாரும் ஆயுள் பெற இயலாது. வெள்ளைக் கட்டை ஆள்பவர் தம் மூன்றாம் முறையில் மூன்று நிலங்களையும் சாய்த்து டைம்லி ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட்ஸ் என்பதைப் பிரயோகிக்கிறார் என்று கொள்வோம். ஆயுளில் பின்தங்கியிருப்பவருக்கு அது 6 ஆயுளும், ஜந்துகளில் பின்தங்கியிருப்பவருக்கு மூன்று படைவீரர்களும் தரும். அது பலிக்குமுன்னர், இரண்டு நிலங்களைச் சாய்க்காமல் வைத்திருந்த சிவப்பு ஆட்டக்காரர் ஸ்கல்க்ராக்கை எறிகிறார். படைவீரர்கள் வந்து நிற்பார்கள். 6 ஆயுள் வாராது. 3 சேதமும் ஏறிவிடும். கணக்கில் 9 புள்ளி வித்தியாசம், மூன்று சீட்டுகளின் வேலை. ஆனால் இதற்கு விலையாக, முந்திய தம் முறையில் அந்த இரண்டு மானாவைச் செலவழிக்காமல் பொறுத்திருக்க வேண்டியிருந்ததே! எதிராளியிடம் அச்சீட்டு இல்லாதிருந்தால் அப்பொறுமை ஒரு முறையை வீணாக்கியதாகும். இல்லாத சீட்டுக்கு அஞ்சி ஆடுவதும் இருக்கும் சீட்டை எண்ணாமல் ஆடுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் பந்தயங்களைக் கெடுத்திருக்கின்றன என்பது எம் எண்ணம்.

எத்தனை பிரதிகள் வைப்பது என்ற பிரச்சினையில் ஊகத்துக்கு இடமில்லை. கணிதம் தெளிவாகச் சொல்கிறது. 60 சீட்டுகளில் 4 பிரதிகள் இருந்தால் முதற்கை ஏழில் ஒன்றேனும் இருப்பதற்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு. 3 பிரதிகளுக்கு 31.5, இரண்டுக்கு 22. ஆட்டத்தைத் தொடங்காத தரப்பினர் மூன்றாம் முறையில் 10 சீட்டுகளைப் பார்த்திருப்பர். அப்போதும் 4 பிரதிகளுக்கு நூற்றுக்கு 53 மட்டுமே. இவ்வெண்கள் எதிராளிக்கும் உரியவை என்பதைத் தாக்குகிறவர் நினைவிற்கொண்டால் பாதி பயம் தெளிந்துவிடும். லேலைன் ஆஃப் சாங்க்டிடி என்ற சீட்டு முதற்கையில் இருந்தால் செலவின்றியே களத்தில் தொடங்கும்; பின்னர் அவ்வாட்டக்காரரை மந்திரத்தால் குறிவைக்க முடியாது; பர்ன் கட்டுக்கு இதைவிடக் கொடிய தடை அரிது. எனினும் 4 பிரதி வைத்திருப்பவருக்கும் பத்தில் ஆறு ஆட்டங்களில் அது முதற்கையில் வருவதில்லை. 2019இல் லண்டன் முலிகன் என்ற விதி வந்தபின், கையை மாற்றுகிறவர் மறுபடியும் முழு 7 சீட்டுகளைப் பார்த்து அதிலிருந்து ஒன்றை மட்டும் அடியில் வைத்தால் போதும் என்றாகிவிட்டதால், ஒரு முறை மாற்றத் துணிந்தவருக்கு வாய்ப்பு 64 ஆக உயர்கிறது. ஆனால் அவர் ஒரு சீட்டுக் குறைவாக ஆடுகிறார் என்பதும், அந்தச் சீட்டைத் தவிரக் கையில் வேறு பலமில்லாமல் இருக்கக்கூடும் என்பதும் நமக்கு ஆறுதல். டிஸ்ட்ரக்டிவ் ரெவல்ரி இங்கே மறுபடியும் கைகொடுக்கிறது: அது குறிவைப்பது நிலைமந்திரத்தை, ஆட்டக்காரரையன்று, ஆதலால் லேலைனை அழித்து 2 சேதமும் சேர்த்தே தருகிறது.

இதுவரை கூறியது உள்ளே வருவன பற்றி. வெளியே செல்வன பற்றி எழுதுவோர் குறைவு. தவறுகளோ அங்கேதான் மிகுதி. எந்தக் கட்டை எதிர்த்து எதை நீக்குவது என்று முன்கூட்டியே தீர்மானிக்காதவர், உள்ளே கொண்டுவர ஆசைப்பட்ட 8 சீட்டுகளுக்காக எட்டு நல்ல சீட்டுகளைப் பலியிடுகிறார். முதலில் அந்தப் பந்தயத்தில் உயிரற்றுக் கிடக்கும் சீட்டுகளை எண்ணிவிட்டு, அத்தனை இடத்துக்கு மட்டுமே ஆள் தேடுவது சரியான வரிசை. சியரிங் பிளேஸ் என்ற சீட்டு எதிராளியிடம் ஜந்து இருந்தாலொழியப் பிரயோகிக்கவே இயலாதது. ஜந்துகள் அருகிய கண்ட்ரோல் கட்டுக்கு எதிரே அது முதலில் வெளியேற வேண்டும். அவ்விடத்தில், எதிராளியின் தடுப்பு மந்திரங்களுக்கு எளிதில் அகப்படாத எக்ஸ்க்விஸிட் ஃபயர்கிராஃப்ட் போன்றது வரலாம். ஜந்துகளை நம்பும் அக்ரோவாயின், சுப்ரீம் வெர்டிக்ட் போன்று களத்திலுள்ள ஜந்துகள் அனைத்தையும் ஒருசேர அழிக்கும் மந்திரங்களை எதிர்பார்த்து, இறங்கிய முறையிலேயே தாக்கவல்லவற்றையும் அழிவுக்கு எளிதில் உட்படாதவற்றையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் இறக்கிவிடாமல் ஒன்றிரண்டைக் கையில் அடக்கி வைக்கும் பழக்கம் அதைவிடப் பயன் தரும், அதற்குச் சைடுபோர்டில் இடமும் வேண்டியதில்லை. குறிப்பிட்ட சில சீட்டுகளின் சேர்க்கையால் ஒரே வீச்சில் வெல்ல முயலும் காம்போ கட்டுகளுக்கு எதிரே சொல்லத்தக்கது அதிகமில்லை: நம் வேகமே அங்கு ஆயுதம், இரண்டு மூன்று சீட்டுகளுக்கு மேல் மாற்றுவது அந்த ஆயுதத்தை நாமே மழுக்கிக்கொள்வது.

இதற்கு நேர்மாறான சித்தாந்தமும் ஒன்று உண்டு. அதையும் நியாயமாக எடுத்துக்காட்ட வேண்டும். எதிராளி வேகத்தைத் தடுக்கவே ஆயத்தம் செய்துகொண்டு வருவதால், நாம் வேகத்தைக் கைவிட்டு, கனமான சீட்டுகளால் நீண்ட ஆட்டத்தை ஆடுவதே விவேகம் என்பது அவர்கள் வாதம். இதற்குச் சிறந்த சாட்சி, 2017 ஜூலையில் ஜப்பானின் கியோட்டோ நகரில் நடந்த புரோ டூரில் பிரேசில் நாட்டுப் பாவ்லோ விட்டோர் டாமோ ட ரோசா வென்ற ரமுனாப் ரெட் என்னும் கட்டு. அவ்வகைக் கட்டுகளை ஆடியவர்கள் சைடுபோர்டில் நான்கு மானாச் சந்திரா என்ற சீட்டையும், ஐந்து மானாப் பறவை நாகமாகிய குளோரிபிரிங்கரையும் வைத்திருந்து, அவற்றுக்கேற்ப நிலத்தையும் கூட்டி, ஒரு மானாச் சிறு ஜந்துகளை வெளியேற்றினர். ஒற்றைச் சேதத்துக்கு அஞ்சிச் சாகும் சிறு ஜந்துகளை அழிக்க வந்த எதிராளியின் மலிவான சீட்டுகள் அப்போது நாகத்தின் முன் பயனற்றுப் போயின.

இவ்வுதாரணம் நாம் மேலே கூறியதை மறுப்பதுபோல் தோன்றும். உற்று நோக்கினால் மறுக்கவில்லை. குளோரிபிரிங்கர் இறங்கிய முறையிலேயே பறந்து 4 சேதம் தருவது. சந்திராவும் முறைதோறும் 2 சேதம் தரவல்லவள். கூட்டிய நிலத்தாலும் நஷ்டமில்லை. ஏனெனில் கட்டுக்குப் பெயர் தந்த ரமுனாப் ரூயின்ஸ் என்ற நிலமே, பாலைநிலம் ஒன்றைப் பலியிட்டு எதிராளிக்கு 2 சேதம் விளைவிப்பது. நிலங்கூடத் தன் பங்கைச் செலுத்திவந்த கட்டு அது. கனமாக மாறியும் கணக்கு கெடாத அந்த அபூர்வ வசதிதான் அங்கே யுக்தியை வெற்றியாக்கியது; 2018 ஜனவரியில் அந்நிலம் ஸ்டாண்டர்டு பிரிவில் தடை செய்யப்பட்டது என்பதிலிருந்து அதன் வலிமை விளங்கும். அத்தகைய நிலம் இல்லாத காலத்தில் அதே மாற்றத்தைக் கண்மூடிப் பின்பற்றுகிறவர், சிறு ஜந்துகளும் இன்றி, நாகத்தை இறக்க நிலமும் இன்றி, இரண்டுங்கெட்டானாக நிற்க நேரும்.

இரு தரப்பிலும் தாக்கும் கட்டே அமையும் பந்தயத்தைத் தனியே பார்க்கவேண்டும். 1999இல் மைக்கேல் ஃப்ளோரஸ் எழுதிய கட்டுரையொன்று, ஒத்த கட்டுகள் மோதும்போது யார் தாக்குபவர், யார் காப்பவர் என்பதைத் தவறாக உணர்ந்தவரே தோற்பார் என்று நிறுவியது. பின்வந்தோர் எல்லோரும் அதையே அடிப்படையாகக் கொண்டனர். பர்னுக்கும் பர்னுக்கும் நடக்கும் பந்தயத்தில் தொடங்குபவர் இயல்பாகவே தாக்குபவர்; தொடங்காதவர் ஒரு முறை பின்தங்கியிருப்பதால், எதிராளியின் ஜந்துகளை முதலில் அழித்துவிட்டுப் பிறகே முன்னேறும் காப்பாளராக மாறவேண்டியவர். 2014இல் வெளிவந்த ஐடலன் ஆஃப் தி கிரேட் ரெவல், மூன்று அல்லது அதற்குக் குறைந்த மானா மதிப்புள்ள மந்திரத்தை யார் பிரயோகித்தாலும் அவருக்கே 2 சேதம் தரும். தொடங்குபவர் அதை இரண்டாம் முறையில் இறக்கினால், அதை அழிக்கவே எதிராளி 2 ஆயுள் கொடுக்கவேண்டும். தொடங்காதவர் இறக்கும்போதோ, ஏற்கெனவே பின்தங்கியிருக்கும் அவருடைய ஒவ்வொரு மந்திரமும் அவரையே சுடுகிறது.

ஆட்டத்தில் தோற்றவரே அடுத்த ஆட்டத்தை யார் தொடங்குவதென்று தீர்மானிப்பதால், முதல் ஆட்டத்தை வென்ற சிவப்பு ஆட்டக்காரர் இரண்டாவதில் பெரும்பாலும் தொடங்காதவராகவும், அதில் தோற்று மூன்றாவதற்குச் சென்றால் தொடங்குபவராகவும் இருப்பார். ஆகவே ஒரே எதிராளிக்கு ஒரே மாற்றம் என்று குறித்து வைத்துக்கொள்வது போதாது; தொடங்கும் ஆட்டத்துக்கு ஒன்றும் தொடங்காத ஆட்டத்துக்கு ஒன்றுமாக இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஆட்டங்களுக்கிடையே சுருக்கமான குறிப்புகளைப் பார்த்துக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. பர்னை எதிர்த்து இரண்டாம் ஆட்டத்தில் வெளியே அமர்த்திய ஐடலன்கள் நான்கையும் மூன்றாவதற்கு மீண்டும் கட்டுக்குள் எடுத்து, காப்புக்கென்று கொண்டுவந்தவற்றில் அத்தனையைத் திருப்பி வைக்கவேண்டும் என்பதை அந்தத் துண்டுத் தாளில் முதல் வரியாக எழுதிக்கொள்வது உசிதம்.